சுங்குடிப் பெரியம்மாவின் ஓயாத ஜெபம்

திண்டுக்கல்லில் ஜெபம் செய்யாத கிறிஸ்தவக் குடும்பம் உண்டா? ஆனால் ஆண்டவரைப் பதில் பேசவே விடாமல் ஜெபம் செய்தவர் ஒரே ஒருவர்தான். அவர் எங்கள் நாகல் நகர் தெருவின் சுங்குடிப் பெரியம்மா. பெற்றவர்கள் அவருக்கு என்ன பெயர் வைத்தார்கள் என்பது ஆண்டவருக்குத் தெரிந்திருக்கும். எங்களுக்குத் தெரியாது.

நான் சொல்வது ஐம்பதுகளின் கடைசி. பெரியம்மா சின்னாளப்பட்டிக்குப் போய்ச் சுங்குடிச் சேலைகளை மூட்டை கட்டி வந்து வீடு வீடாக விற்பார். மூட்டை தலையில் இருக்கும்போதும் ஜெபம், இறக்கும்போதும் ஜெபம், அவிழ்க்கும்போதும் ஜெபம். முழங்கால் போட மாட்டார். கண்ணை மூட மாட்டார். குரலைத் தாழ்த்துவது என்பது அவர் பரம்பரையிலேயே கிடையாது.

"ஆண்டவரே, பஸ் வந்திருச்சு. செத்த இரும், ஏறி உக்காந்துட்டுப் பேசுறேன்" என்பார். உட்கார்ந்ததும் விட்ட இடத்திலிருந்து தொடங்குவார். ஒருமுறை கண்டக்டர் கேலியாக, "ஏம்மா, கூட வாரவருக்கும் டிக்கெட் கிழிக்கவா?" என்று கேட்டார்.

"அவரு பாஸு வச்சிருக்காரு. நீ எனக்கு மட்டும் கிழி" என்றார் பெரியம்மா. பஸ்ஸே சிரித்தது.

பிரியாணிக் கடை வழியாகப் போனால் நின்று மூச்சை இழுப்பார். "ஆண்டவரே, பாய் இன்னைக்கு மசாலாவை நல்லா வதக்கியிருக்காரு. சட்டி காலியாகணும்" என்று வேண்டிவிட்டு நடப்பார். ஒருநாள் காய்ச்சலில் படுத்துவிட்டார். மறுநாள் பாய் தெருமுனையில் வழிமறித்தார். "என்னம்மா நேத்து வரல? சோறு குழைஞ்சே போச்சு!"

எங்கள் உபதேசியாருக்கு இதெல்லாம் பொறுக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை கோயில் வாசலில் பிடித்துக்கொண்டார். "ஜெபத்துக்குன்னு ஒரு நேரம், ஒரு ஒழுங்கு வேண்டாமாம்மா?"

"காலையில ஒருவாட்டி மனுக் குடுத்துட்டு நாள் பூரா வாயைப் பொத்திக்கிட்டிருக்க அவரு என்ன கலெக்டராய்யா? வீட்டுல இருக்கிற மனுசங்ககிட்ட அப்பிடியா பேசுறோம்?" என்றார் பெரியம்மா. அதே மூச்சில், "ஆண்டவரே, உபதேசியாருக்குக் கோவம் வந்திருச்சு, ஆத்திவிடும்" என்று அங்கேயே ஆரம்பித்தார். உபதேசியார் சைக்கிளில் ஏறிவிட்டார்.

இதில் ஒரே ஒரு சங்கடம். பெரியம்மா ஆண்டவரிடம் எதையும் மறைக்க மாட்டார். ஆண்டவரோடு தெருவும் கேட்டுக்கொண்டிருக்கும். "பூட்டுக்காரர் சம்சாரம் புதுச்சீலையைப் புருசனுக்குத் தெரியாம அரிசிப் பானையில ஒளிச்சு வச்சிருக்கு. எலி கடிக்காமப் பாத்துக்கிரும்" என்று ஒருநாள் உருக்கமாக வேண்டினார். பூட்டுக்காரர் சுவருக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்து அரம் போட்டுக்கொண்டிருந்தார். அரம் நின்றது. அப்புறம் பானை உருண்டது.

இப்படிப்பட்டவர், மாப்பிள்ளை வீட்டார் என்னைப் பெண் பார்க்க வந்த நேரத்தில் மூட்டையோடு எங்கள் வீட்டுக்குள் நுழைந்தால் எப்படி இருக்கும்?

எனக்குப் படிப்பு இரண்டாங்கிளாசோடு சரி. அதனால் நான் ஒன்றும் குறைந்துபோகவில்லை. மாவாட்டுவதிலும் மல்லுக்கட்டுவதிலும் என்னை மிஞ்ச அந்தத் தெருவில் ஆள் இல்லை. ஆனால் மாப்பிள்ளையின் தாயாருக்குக் கண் மங்கல். சாயங்காலம் வேதம் வாசித்துக் காட்டும் மருமகள்தான் வேண்டும் என்று சொல்லிவிட்டார். எங்கள் அம்மா, "எம்மக கடகடன்னு வாசிப்பா" என்று அடித்துவிட்டாள். ஒரு சங்கீதத்தை எனக்கு மனப்பாடம் ஆக்கி, வாசிப்பதுபோல் நடிக்கவும் பழக்கிவிட்டாள். எனக்கோ மாப்பிள்ளையை ரொம்பப் பிடித்திருந்தது. ரயில்வேயில் வேலை. கோயிலில் எல்லாரும் பாடி முடித்த பிறகு ஒரு வரி பாடும் ஆள். குட்டு வெளிப்பட்டால் அவர் கிடைக்க மாட்டார்.

ஜெபம் செய்து தொடங்கி வைக்க உபதேசியார் வருவதாக இருந்தது. சைக்கிள் பஞ்சர். "யாராச்சும் ஒரு ஜெபம் பண்ணுங்களேன்" என்றார் மாப்பிள்ளையின் தாயார். அந்த வார்த்தை முடிவதற்குள் வாசலில் மூட்டை இறங்கியது.

"ஆண்டவரே, வந்துட்டேன். என்னா வெயிலு! இந்த வீட்டுல கேசரி மணக்குது. நெய்யி பக்கத்து வீட்டு நெய்யி. அவுகளையும் ஆசீர்வதியும்."

அம்மா இருமினாள்.

"இந்தப் பிள்ளை தங்கமான பிள்ளை. படிப்புத்தான் ஏறல. ஒரு வாரமா அந்தச் சங்கீதத்தை உருப்போட்டுக் கிடக்கு. வேதத்தைத் தலைகீழாப் பிடிச்சிராமக் காப்பாத்தும்."

அம்மாவின் இருமல் நின்றே போனது. எனக்குத் தரை பிளந்தால் தேவலை என்றிருந்தது. மாப்பிள்ளையின் தாயார் முகம் கறுத்தது. ஆனால் பெரியம்மா போகாத வீடு இந்த ஊரில் ஏது? மெதுவாக அந்தப் பக்கம் திரும்பினார்.

"இந்தச் சம்பந்தியம்மாவையும் நினைச்சருளும். கண்ணாடி வாங்கிப் பெட்டிக்குள்ள பூட்டி வச்சிருக்காக. போட்டா கிழவின்னு சொல்லிருவாகளாம். அதுக்குத்தான் வாசிக்க மருமகளைத் தேடி ஊரெல்லாம் அலையுறாக."

மாப்பிள்ளையின் தாயார் முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டார்.

"ஆண்டவரே, மாப்பிள்ளைத் தம்பி இருக்காரே..." என்று அவர் அடுத்த அடி எடுத்து வைத்ததும் அந்த அம்மாள் பதறிவிட்டார். "ஏலே, வெரசா ஆமென் சொல்லுடா! விட்டா ஒன்னையும் சொல்லிருவா!"

"ஆமென்!" என்று மாப்பிள்ளை கத்தினார். எந்தப் பாட்டிலும் பிந்துகிறவர், அன்று முந்திக்கொண்டார்.

முதலில் சிரித்தது அவருடைய தாயார்தான். பிறகு அம்மா. பிறகு வீடே குலுங்கியது. இரண்டு பக்கமும் மறைக்க எதுவும் மிச்சமில்லாததால் கேசரி ஆறுவதற்குள் கல்யாணம் பேசி முடிந்தது. சந்தோஷத்தில் ஆளுக்கொரு சேலையும் எடுத்தார்கள். மாப்பிள்ளையைப் பற்றிப் பெரியம்மா என்ன சொல்ல வந்தார் என்று கல்யாணமான பிறகு என் வீட்டுக்காரரையே கேட்டேன். "அதான் ஆமென் சொல்லியாச்சே" என்று சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே போய்விட்டார்.

புகுந்த வீட்டில் முதல் காலை. தெரியாத அடுப்படி, தெரியாத பாத்திரங்கள். யாரிடம் கேட்பது என்று கூச்சமாக இருந்தது. அதுவரை நான் கோயிலிலும் படுக்கப் போகும்போதும் மட்டுமே, அதுவும் பாடம் ஒப்பிப்பதுபோல் ஜெபித்தவள். அன்றைக்கு வாய் தானாகத் திறந்துகொண்டது.

"ஆண்டவரே, தீப்பெட்டியைக் காணோம். காப்பி வேற எப்பிடிப் போடுவாகன்னு தெரியல. இந்த வீட்டுல எனக்குப் பயமாருக்கு. செத்த கூடவே இரும்."

உள்ளேயிருந்து மாமியாரின் குரல் வந்தது. "யாரது, விடியுமுன்ன சுங்குடிக்காரியா வந்திருக்கா?"

"இல்லத்தே, நாந்தான்" என்றேன். பெரியம்மா என்று நினைத்துவிட்டாரே என்று எனக்குப் பெருமை தாங்கவில்லை.