கிழக்கு வாசலுக்கு ஒரு வண்டி

நல்லையாவின் மோட்டார் சைக்கிள் இரண்டாவது முறையாகச் சேற்றில் விழுந்தபோது, அவர் அதற்கு அடியில் கிடந்தார்.

"தூக்கு மருதமுத்து! காலு மாட்டிக்கிச்சு!"

மாட்டு வண்டிக்கார மருதமுத்து அவசரப்படவில்லை. காளைகளை ரப்பர் மரத்தில் கட்டினான். வெற்றிலையைத் துப்பினான். பிறகுதான் தூக்கினான்.

"எலுமிச்சம்பழம் வெச்சுத்தானே கெளம்புனீங்க கிராணி?"

"நாலு வெச்சேன்."

"ரெண்டு சக்கரத்துக்கு நாலு பழமா? அதான் வழுக்கிருச்சு."

நல்லையா, மலாக்காவின் காஜா பெராங்கில் குடியிருந்த அரசாங்கப் பெரிய கிராணி, அதாவது தலைமைக் குமாஸ்தா. ஆபீசில் அவர் கையெழுத்து இல்லாமல் ஒரு காகிதம் நகராது. அவர் கையெழுத்துப் போட்ட பிறகும் பல காகிதங்கள் நகர்ந்ததில்லை. அவருக்கு ஆயர் குரோவில் இரண்டு ஏக்கர் அன்னாசித் தோட்டம் இருந்தது. உண்மையில் அது அவர் மனைவி ருக்மணிக்கு அப்பா கொடுத்த சீதனம். ஊரில் பேசும்போது மட்டும் அது 'என் எஸ்டேட்' ஆகிவிடும்.

அந்தப் பேச்சுதான் வம்பை இழுத்து வந்தது. மெர்டேக்கா சுதந்திர விழாக் கமிட்டிக் கூட்டத்தில், "இருநூறு அன்னாசி, என் எஸ்டேட்டுப் பழம், என் சொந்த வண்டியில வந்து இறங்கும்" என்று எழுந்து நின்று சொல்லிவிட்டார். அப்போது அவரிடம் ஒரு தள்ளுவண்டிகூடக் கிடையாது; மோட்டார் சைக்கிளே அதற்குப் பிறகு வாங்கியதுதான். கமிட்டித் தலைவர் கலியாணசுந்தரம் மகிழ்ந்துபோய், பண்டார் ஹிலிர் திடலில் முன்வரிசை நாற்காலி ஒன்றில் அவர் பெயரை ஒட்டச் சொன்னார். கூடவே ஒரு நிபந்தனையும் வைத்தார். வெள்ளிக்கிழமை மாலை ஆறு மணிக்குள் பழம் வராவிட்டால் நாற்காலி வேறு ஆளுக்கு.

நாடு விடுதலை அடைவதைப் பற்றி நல்லையாவுக்குப் பெரிய கவலை இல்லை. அது எப்படியும் சனிக்கிழமை வந்துவிடும். நாற்காலி வருமா என்பதுதான் அவர் கவலை.

தோட்டத்துக்குப் போவதுதான் சிக்கல். இரண்டு வருஷத்துக்கு முன்னால் அவர் ஒரு மனையடி சாஸ்திரப் புத்தகம் வாங்கினார். தெற்கு எமன் திசை என்று அதில் படித்த கையோடு, தோட்டத்தின் தெற்கு வாசலுக்கு ஏழு ஆணி அடித்து மூடினார். கிழக்கே புது வாசல் திறந்தார். கிழக்கு வாசலுக்குப் போக மூன்று மைல் காட்டுப் பாதை. மழை பெய்தால் உளை. அதன்பிறகு அவர் அந்தப் பக்கமே போகவில்லை. அன்னாசி தானாக வளரும் பயிர் என்பது அவர் கொள்கை.

"பழம் நல்லாப் பழுத்துருச்சுங்க. இந்த வாரமே வெட்டணும்" என்று ருக்மணி சொன்னபோது, உனக்கு எப்படித் தெரியும் என்று அவர் கேட்கவில்லை. மனைவி சொல்வதில் கேள்வி கேட்கும் அளவுக்கு விஷயம் இருக்கும் என்று அவர் நினைத்ததே இல்லை.

"நான் ஒண்ணு சொல்லட்டுங்களா?" என்று அவள் தொடங்கினாள்.

"நீ வண்டியைப் பத்தி என்னத்தக் கண்ட? போய்ச் சோத்தப் போடு."

சோற்றோடு அன்னாசிப் பச்சடி வந்தது. இரண்டு முறை வாங்கிச் சாப்பிட்டுவிட்டு, "பாசார்ல வாங்குனதா? சப்புன்னு இருக்கு. நம்ம எஸ்டேட்டுப் பழத்துக்கு முன்னால இது நிக்குமா?" என்றார்.

ருக்மணி பச்சடிக் கிண்ணத்தை மட்டும் எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

மறுநாள் மோட்டார் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு தெங்கேராவில் சுப்பையன் பட்டறைக்குப் போனார். சுப்பையன் ஒரு வண்டியைப் பழுது பார்த்தால் இன்னொரு வண்டியை விற்றுவிடுவான். அப்படி ஒரு கைராசி.

"எனக்கு வேண்டியது நாலே குணம் சுப்பையா. சேத்துல ஓடணும். நடுவழியில நிக்கக் கூடாது. இடுப்பு நோகக் கூடாது. ஞாயித்துக்கிழமை காட்டுப் பாதையில ஜாலியா ஒரு சுத்து சுத்தி வரவும் லாயக்கா இருக்கணும்."

"இவ்ளோ குணம் உள்ளது பொண்ணு பாக்கயிலயே கெடைக்காது கிராணி. சைட்கார் மாட்டித் தாரேன். மூணு சக்கரம், விழவே விழாது."

சுப்பையன் சொன்னது சத்தியம். வண்டி விழவில்லை. இரண்டு ரப்பர் மரங்களுக்கு நடுவே போய் ஆப்பு வைத்தாற்போல் மாட்டிக்கொண்டு, விழ வழியில்லாமல் நின்றது. மருதமுத்து கோடரி கொண்டு வந்து, மரத்தை வெட்டுவதா சைட்காரை வெட்டுவதா என்று கேட்டான். மரம் வேறொருவருடையது. சைட்கார் போயிற்று.

அன்று இரவுச் சாப்பாட்டில் அன்னாசிக் குழம்பு.

"நான் சொல்றத ஒரு நிமிசம் கேட்டீங்கன்னா..."

"மறுபடியும் பாசார் பழமா?" என்றார் நல்லையா.

சுப்பையனிடம் அடுத்து இருந்தது சண்டைக் காலத்து ஜீப். "நாலு சக்கரமும் இழுக்கும். ஜப்பான்காரனையே தொரத்துன வண்டி, உங்க சேறு எம்மாத்திரம்?" என்றான். யார் யாரைத் துரத்தியது என்பது மலாக்காவில் எல்லாருக்கும் தெரியும். நல்லையா மோட்டார் சைக்கிளைக் கொடுத்து ஜீப்பை வாங்கிக்கொண்டார்.

ஜீப்பின் இருக்கை தகரம். இடுப்பு நோகக் கூடாதே! வீட்டு சோபாவின் மெத்தையைக் கழற்றி வந்து அதில் கட்டினார். மெத்தை உயரமாகிப் போனதால் கால் பிரேக்குக்கு எட்டவில்லை. காலுக்குக் கட்டை வைத்துக் கட்டினார். கட்டை வைத்த காலுக்குப் பிரேக் எது, எண்ணெய் மிதி எது என்று தெரியவில்லை. காஜா பெராங் முனையில் ஒரு கோழிக்கூட்டில் மோதித்தான் வண்டி நின்றது.

கோழிகளை அவர் விரட்டிக்கொண்டிருந்தபோது ஆயர் குரோ பஸ் பக்கத்தில் வந்து நின்றது. கண்டக்டர் ராஜரத்தினம் தலையை நீட்டினான்.

"தோட்டத்துக்கா ஐயா? ஏறுங்களேன்."

"என்னையப் பாத்தா பஸ்ல போற ஆள் மாதிரியா இருக்கு?"

தலையில் கோழி இறகோடு இதைக் கேட்டார். ராஜரத்தினம் மரியாதை தெரிந்தவன். சிரிக்காமல் மணியடித்தான்.

வெள்ளிக்கிழமையும் வந்தது. மறுநாள் சனி, கிழக்கே சூலம். போனால் இன்றே போக வேண்டும். பத்தரை மணிக்கு ராகு காலம் பிறந்துவிட்டதால், பன்னிரண்டு வரைக்கும் ஜீப்பில் மெத்தைமேல் உட்கார்ந்து காத்திருந்தார். வெளியே வானம் இருட்டிக்கொண்டு வந்தது. ராகு போனதும் மழை பிடித்துக்கொண்டது.

பாதையில் அரை மைல் போவதற்குள் ஜீப் அச்சு வரைக்கும் புதைந்தது. நாலு சக்கரமும் சேர்ந்து இழுத்தன, கீழ்நோக்கி.

"அலாமாக்!" என்றான் பின்னால் வந்த மருதமுத்து. ஜீப்பைக் கயிற்றால் கட்டி, இரண்டு காளைகளையும் பூட்டி இழுத்தான். மிச்சம் இரண்டரை மைலும் ஜீப்பைக் காளைகளே கொண்டுபோயின. நல்லையா ஸ்டியரிங்கை விடாமல் பிடித்துக்கொண்டு, வளைவுக்கு வளைவு ஹாரன் அடித்தார்.

"யாருக்கு அடிக்கிறீங்க கிராணி? மாட்டுக்குப் பயமா இருக்கு."

கிழக்கு வாசலை அடைந்தபோது மணி மூன்றரை. இறங்கி ஓடினார். ஓடியவர் நின்றார்.

தோட்டத்தில் ஒரு பழம்கூட இல்லை. வரிசை வரிசையாக வெட்டிய காம்புகள் மட்டும் நின்றன. களை பிடுங்கி, பாத்தி கட்டி, அவ்வளவு சுத்தமாக இருந்தது தோட்டம்.

"திருட்டுப் பயலுக! களையைக்கூட விட்டு வெக்கலியே!" என்று நல்லையா அலறினார்.

மருதமுத்து தாடையைச் சொறிந்தான். "களை புடுங்குற திருடனை நான் பாத்ததில்லைங்க" என்றான்.

நல்லையாவின் காதில் அது விழவில்லை. முன்வரிசை நாற்காலி கண்ணெதிரே கால் முளைத்து நடந்துபோனது. நாளைக்கு ஊர் முழுக்கச் சிரிக்கும். சேற்றிலேயே உட்கார்ந்து கொஞ்ச நேரம் அழுதார். எத்தனையோ ஆண்டுகளில் அவர் மனப்பூர்வமாகச் செய்த வேலை அது ஒன்றுதான்.

ஆறு மணிக்குப் பத்து நிமிஷம் இருக்கும்போது பண்டார் ஹிலிர் திடலுக்குள் ஜீப் நுழைந்தது. முன்னால் காளைகள். பந்தல்காரர்கள் வேலையை நிறுத்திவிட்டு வேடிக்கை பார்த்தார்கள். நல்லையா இறங்கினார். முழங்கால் வரை சேறு, கையில் சோபா மெத்தை.

"தலைவரே, மன்னிச்சுக்கணும். பழம் திருடு போயிருச்சு..."

"எந்தப் பழம்?" என்றார் கலியாணசுந்தரம், கையில் பசைச் சட்டியோடு.

அவருக்குப் பின்னால் அன்னாசி மலையாகக் குவிந்திருந்தது. குவியலுக்குப் பக்கத்தில் ருக்மணி, வெட்டுக்கத்தியைத் துடைத்துக்கொண்டு நின்றாள். முன்வரிசை நாற்காலியில் ஒட்டியிருந்த பழைய பெயர் பாதி கிழிந்து, அதன்மேல் 'திருமதி ருக்மணி' என்று புதுத் தாள் ஈரம் காயாமல் இருந்தது.

"நீ... எப்படி... எந்த வண்டியில?" நல்லையா மெத்தையைக் கீழே போட்டார்.

கடைசிச் சாக்கை இறக்கி வைத்த காக்கிச் சட்டைக்காரன் நிமிர்ந்தான். கண்டக்டர் ராஜரத்தினம்.

"நம்ம பஸ்லதாங்கய்யா, ரெண்டு வருசமா வாரம் மூணு தடவ. தோட்டத்துத் தெக்கு வாசலு தார் ரோட்டுமேலதானே இருக்கு, அம்மா அன்னைக்கே ஆணியெல்லாம் புடுங்கிட்டாங்க, அந்த ஸ்டாப்புக்கு நாங்க வெச்ச பேரே 'ஏழாணி வாசல்'!"