மரநாய் பழுதுபார்த்த டேப்லெட்

ஒரு காட்டில், சிக்னல் முழுசாகக் கிடைக்கிற உயரமான மரம் ஒன்றில், சோலையப்பன் என்ற இருவாட்சிப் பறவை தன் மனைவி வடிவுடன் வாழ்ந்துவந்தது.

இருவாட்சிகளின் குடும்ப வழக்கம் கொஞ்சம் கடுமையானது. முட்டையிடும் காலம் வந்தால் பெண் பறவை மரப்பொந்துக்குள் போய் உட்கார்ந்து, வாசலை மண்ணாலும் எச்சத்தாலும் பூசி அடைத்துக்கொள்ளும். அலகு நுழையும் அளவுக்கு ஒரு கீறல் மட்டும் மிச்சம் இருக்கும். குஞ்சு தேறி வெளியே வரும்வரை மாதக்கணக்கில் உள்ளேயே இருப்பு. அத்திப்பழம் கொண்டுவந்து கீறல் வழியே ஊட்டுவது ஆணின் பொறுப்பு. இடையில் சுவர் உடைந்தால் போச்சு. முட்டையும் குஞ்சும் தின்பதற்கென்றே மரநாய்கள் காட்டில் அலைந்துகொண்டிருந்தன.

"இந்த வருஷம் நான் சும்மா உள்ள போகமாட்டேன்," என்றது வடிவு. "போன வருஷம் முழுக்கச் சுவத்தையே பார்த்துக்கிட்டு இருந்தேன். ஒரு டேப்லெட் வாங்கிக் குடுங்க."

"ஒரு சின்ன போன் போதாதா?"

"வெளியில சுத்தறவங்களுக்கு போன் போதும். அடைஞ்சு கிடக்கறவளுக்குப் பெரிய திரை வேணும்."

நியாயம்தான். சோலையப்பன் விசாரிக்கக் கிளம்பியது. "பத்து இன்ச்சுக்குக் கீழ இருந்தா அதெல்லாம் ஒரு டேப்லெட்டா? மிதிச்சா தாங்குமான்னு கேட்டு வாங்கு," என்றது யானை. "வெளிச்சத்தைக் குறைச்சு வைக்க முடியுதான்னு மட்டும் பாரு. மத்ததெல்லாம் விளம்பரம்," என்றது ஆந்தை. பச்சோந்தி பெருமூச்சு விட்டது. "முகத்தைக் காட்டித் திறக்கறதை மட்டும் வாங்கிடாதப்பா. காலையிலேருந்து என் போன் என்னை யாருன்னு கேட்டுக்கிட்டே இருக்கு."

ஒவ்வொன்றும் தனக்குச் சரியானதைச் சொன்னது. கேட்டுவந்தவனுக்குத்தான் எதுவும் சரியாகப்படவில்லை. சோலையப்பன் இரவல் போனில் விமர்சனக் காணொளிகளைப் பார்க்க ஆரம்பித்தது. ஒன்றில் பேட்டரி நன்றாக இருந்தது, இன்னொன்றில் ரேம். இரண்டும் நன்றாக இருந்ததை அதற்கு அடுத்த காணொளி கிழித்துத் தொங்கப்போட்டது. இதற்குள் வடிவுக்கு முட்டையிடும் வேளை நெருங்கிவிட்டது.

"ஏங்க, கால்வாசி பூசியாச்சு!" என்று பொந்திலிருந்து குரல் வந்தது.

"இதோ, ஒப்பிட்டுப் பார்த்துக்கிட்டே இருக்கேன்."

"அரைவாசி பூசியாச்சு! இன்னும் ஒப்பிட்டுக்கிட்டே இருந்தீங்கன்னா உள்ளே வர்றதுக்கு வழி இருக்காது!"

சோலையப்பன் அலறியடித்துக்கொண்டு கருமந்தியின் கடைக்குப் பறந்தது. முன்னால் எது இருந்ததோ அதைக் கவ்வியது. "இதுல ஆண்ட்ராய்டு புதுசுதானே?" என்று வாய் நிறையக் கேட்டது. "அதெல்லாம் தானா ஏறிக்கும் சார்," என்றது கருமந்தி. டேப்லெட்டைப் பக்கவாட்டில் சாய்த்து உள்ளே தள்ளியதும் மிச்சச் சுவரும் எழும்பிவிட்டது. சார்ஜர் ஒயர் மட்டும் கீறல் வழியே வெளியே வந்து, பக்கத்து எஸ்டேட் கம்பியில் கொக்கி போட்டுக்கொண்டது.

வடிவு முட்டையிட்டது. சில நாள் நிம்மதியாக ஓடின. பிறகு ஒரு காலை.

"ஏங்க, இது என்னமோ சுத்துது."

"என்ன சுத்துது?"

"வட்டம். கீழ ஒரு சதவீதம்னு போட்டிருக்கு. நேத்தும் அதே ஒரு சதவீதம்தான்."

"நீ எதையாவது அமுக்கினியா?"

"நான் எதையும் அமுக்கலை."

பழுதான எல்லாக் கருவிகளின் வரலாறும் இந்த ஒரு வசனத்தில்தான் தொடங்குகிறது.

கம்பெனியின் உதவி எண்ணில் ஒரு கிளி இருந்தது. "உங்கள் அழைப்பு எங்களுக்கு மிகவும் முக்கியம்," என்றது. நிஜக் கிளி என்பதால் எத்தனை முறை சொன்னாலும் அதற்கு அலுக்கவில்லை. கடைசியில், "கருவியை எடுத்துக்கொண்டு நேரில் வாருங்கள்," என்று சொல்லி வைத்துவிட்டது. கருவியோ கீறலைவிட அகலம். வடிவு பழத்தை வாங்கிக்கொண்டது, பேச்சை நிறுத்திக்கொண்டது.

"என்ன தம்பி, முகம் ஒரு மாதிரியா இருக்கு?"

கீழ்க்கிளையில் குணசீலன் என்ற மரநாய் நின்றது. அது எதைத் தின்னும் என்று காட்டுக்கே தெரியும். ஆனால் டேப்லெட் கெட்டுப்போனவன் கேட்பவர் முகத்தையா பார்ப்பான்? சோலையப்பன் வட்டம் சுற்றியதில் ஆரம்பித்து கிளி வரைக்கும் எல்லாவற்றையும் கொட்டித் தீர்த்தது.

"இவ்வளவுதானா! சுவத்தைக் கொஞ்சம் உடைச்சா, வெளிய எடுத்து ஒரு நொடியில பார்த்துடலாம். எனக்கு இதுல கொஞ்சம் கைப்பழக்கம் உண்டு."

இத்தனை நாளில் பார்த்துத் தருகிறேன் என்று சொன்ன ஒரே ஜீவன் அது. சோலையப்பன் நெகிழ்ந்துபோய்ச் சுவரில் ஒரு கொத்து கொத்தியது. ஒரு சில்லு பெயர்ந்து விழுந்தது.

"யாருங்க அது?" என்றது வடிவு.

"குணசீலன் அண்ணே. பழுது பார்க்க வந்திருக்காரு."

உள்ளே வடிவு முட்டையை இன்னும் இறுக்கி அணைத்துக்கொண்டது. பிறகு தேன் தடவிய குரல் வந்தது. "வாங்கண்ணே! உடைக்கறதுக்கு முன்னாடி இங்கிருந்தே செய்யற மாதிரி வழி ஏதும் இல்லீங்களா? உங்களுக்குத் தெரியாததா?"

மரநாயிடம் இதுவரை யாரும் இப்படிக் கேட்டதில்லை. பார்த்ததும் எல்லோரும் ஓடித்தான் பழக்கம். அது தொண்டையைச் செருமிக்கொண்டது. "பவர் பட்டனையும் சத்தம் குறைக்கற பட்டனையும் சேர்த்து அமுக்கிப் பிடிம்மா. விட்டுடாதே... ஏதாவது வந்துச்சா?"

"வந்துச்சுண்ணே," என்றது வடிவு. கொஞ்சம் பொறுத்து, "ஆனா இப்ப வேற மாதிரி வருது."

"வேற மாதிரின்னா?"

"பச்சையா, கோடு கோடா."

மரநாய் கிளையில் உட்கார்ந்தது. "குறுக்கவா, நெடுக்கவா?"

"முதல்ல நெடுக்க வந்துச்சு. இப்பக் குறுக்க வருது."

"இது கேள்விப்படாததா இருக்கே!" மரநாயின் கண் பளபளத்தது. அது பசியால் வந்த பளபளப்பு இல்லை.

"உடைச்சுடவாண்ணே?" என்று அலகைத் தீட்டியது சோலையப்பன்.

"அட, சும்மா இருப்பா! ஆட்டினா மொத்தமும் போயிடும். முதல்ல உள்ள தேங்கிக் கிடக்கற கேஷை அழிச்சுப் பார்ப்போம்."

மறுநாள் விடிந்ததும் குணசீலன் வந்து நின்றது. அதற்கடுத்த நாளும் வந்தது. கேஷ் அழிந்தது. சேஃப் மோடில் போட்டுப் பார்த்தார்கள். சத்தம் வந்தது, படம் போனது. படம் வந்தது, சத்தம் போனது. போனில் பதில் தேடித் தேடி மரநாயின் கண்ணைச் சுற்றி வளையம் விழுந்தது. காலடியில் காடை முட்டையிட்டு வைத்திருந்ததைக்கூட அது கவனிக்கவில்லை. "என் மச்சானோட போன்லயும் இதேதான், ஆனா அது மஞ்சள் கோடு," என்று தனக்குள் முனகிக்கொண்டு நடந்தது.

ஒரு மத்தியானம் பழம் ஊட்ட வந்த சோலையப்பன் கீறல் வழியே உள்ளே எட்டிப் பார்த்தது. திரை பளிச்சென்று இருந்தது. யாரோ பலாக்கொட்டையில் குழம்பு வைத்துக்கொண்டிருந்தார்கள். முட்டை பொரிந்து வந்த குஞ்சைச் சிறகுக்குள் வைத்துக்கொண்டு வடிவு அதை ரசித்துக்கொண்டிருந்தது.

"சரியாயிடுச்சா!"

"கத்தாதீங்க. அவர் சொன்ன முதல் வைத்தியத்துலயே சரியாயிடுச்சு."

"அடடா, சொல்லிடலாமே! பாவம், மனுஷன் எளச்சே போயிட்டாரு."

"போய்ச் சொல்லுங்க. சொன்னீங்கன்னா அவருக்குப் பசி ஞாபகம் வந்துடும்."

சோலையப்பனின் கண் சுவரில் சில்லு பெயர்ந்த இடத்துக்குப் போனது. தான் எதைக் கொத்தினோம், யாருக்காகக் கொத்தினோம் என்று அப்போதுதான் உறைத்தது. கீழேயிருந்து குரல் வந்தது: "தம்பி, கோடு இப்ப எப்படி இருக்கு?"

வாழ்க்கையில் பொய்யே சொல்லாத பறவை அது. "சாய்வா வருதுண்ணே," என்றது.

"சாய்வாவா!"

குஞ்சுக்கு இறகு முளைக்க முளைக்க மரநாயின் பொறுமை தேய்ந்தது. ஒருநாள் அது விறுவிறுவென்று மேலே ஏறிவந்து சுவரில் நகத்தைப் பதித்தது. "இனி வேற வழியில்லம்மா. கழட்டிப் பார்த்துடுவோம்." பூச்சு உதிரத் தொடங்கியது. அந்த நேரம் பார்த்து உள்ளே குஞ்சு கத்தித் தொலைத்தது. மரநாயின் காது விறைத்தது.

"என்ன சத்தம் அது?"

"அதைத்தாண்ணே சொல்ல வந்தேன்," என்றது வடிவு. "இன்னைக்கு ஸ்பீக்கர்ல புதுசா கீச்சு கீச்சுன்னு வருது."

நகங்கள் ஒவ்வொன்றாக உள்ளே மடங்கின. "ஸ்பீக்கர்லயா? அப்ப இது கழட்டற சமாச்சாரமே இல்ல. சாஃப்ட்வேர்! நல்லவேளை சொன்னியேம்மா." அது உற்சாகமாகக் கீழே இறங்கிப்போய்த் தேட உட்கார்ந்தது.

ஒரு நல்ல வெயில் நாளில் வடிவு உள்ளிருந்தே சுவரை உடைத்தது. தாயும் குஞ்சும் வெளியே பறந்தன. குஞ்சின் சிறகு குணசீலனின் மீசையை உரசிக்கொண்டு போனது. மரநாய் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. பொந்துக்குள் பாய்ந்து டேப்லெட்டைத் தூக்கியது. திரை ஒளிர்ந்தது. ஒரு கோடுகூட இல்லை. எலும்பும் தோலுமாய் இருந்த மரநாயின் கண்ணில் நீர் கோத்துக்கொண்டது.

"பார்த்தியா தம்பி! கேஷ்தான்னு நான் அன்னைக்கே சொன்னேன்ல!"

"நீங்க மட்டும் இல்லாட்டி எங்க கதி என்ன ஆகியிருக்கும்ண்ணே," என்றது வடிவு, எட்டாத கிளையில் நின்றுகொண்டு, மனதார.

நீதி: எதிரி வாசலுக்கு வந்துவிட்டால் தயங்காமல் உதவி கேள். சரிசெய்து கொடுத்துவிட்டானானால், பிள்ளைகள் பறக்கும்வரை அதை அவனிடம் சொல்லாதே.