பதினான்கு குமிழ் வைத்த சங்கு

மாரியம்மன் கோவிலின் மின்சார மேளம் என் கை வேலை. ஜீப் வைப்பர் மோட்டாரில் மாவாட்டும் மெஷின் செய்தவன் நான். ஒரு மழைக்காலம் முழுக்க எங்கள் தேயிலை எஸ்டேட்டின் லைன் வீடுகளுக்குக் கரண்ட் வந்ததே ஓடைத் தண்ணீரில் நான் சுற்றவிட்ட சைக்கிள் சக்கரத்தால்தான். (வீட்டுக்கு ஒரு பல்பு. அதுவும் மினுக்கும். இருந்தாலும் கரண்ட் கரண்ட்தானே?) படிப்பு ஐந்தாம் வகுப்பு. அதற்கு மேல் சொல்லித்தர அங்கே ஆள் இல்லை என்று நானே வந்துவிட்டேன்.

இவற்றையெல்லாம் தூக்கிச் சாப்பிட்டது கரண்டில் இசை எழுப்பும் என் வால்வு சிந்தசைசர். பழைய ரேடியோவுக்குள் சிவப்பாக எரியும் கண்ணாடிக் குழாய் பார்த்திருப்பீர்கள், அதுதான் வால்வு. ஒரு பெட்டி சத்தத்தை எழுப்பும், அடுத்தது வடிகட்டும், இன்னொன்று ஏற்றி இறக்கும். வயரை மாற்றி மாற்றிக் குத்தினால் புதுப்புதுக் குரல். செல்போன் வீடியோவில் ஒரு வெள்ளைக்காரர் செய்து காட்டினார். அவர் பேசியது ஒன்றும் புரியவில்லை. கையை மட்டும் பார்த்துக்கொண்டேன். (என் கையைப் பார்க்க அவருக்குத்தான் கொடுத்து வைக்கவில்லை.) பெட்டிகள் பிஸ்கட் டின். குமிழ்கள் பதினான்கு, அதில் இரண்டு ஷாம்பு பாட்டில் மூடி.

இதெல்லாம் நடந்தது எஸ்டேட்டின் பழைய பம்ப் ரூமில். ஃபேக்டரியில் எலக்ட்ரீஷியனாக இருந்து ரிட்டையர் ஆன எனக்கு அதை விட்டால் வேறு இடம் கிடையாது. புதிதாக வந்த துரை, அதாவது மேனேஜர், அதை இடித்து டூரிஸ்ட்டுகளுக்குக் கக்கூஸ் கட்டப் போவதாகச் சொன்னார்.

"தொரை, உள்ள என்ன இருக்குதுன்னு ஒருக்கா கேட்டுப்போட்டு இடிங்க" என்றேன்.

"வியாழக்கிழமை பத்தரைக்கு வர்றேன். அஞ்சு நிமிஷம்தான்" என்றார்.

அஞ்சு நிமிஷத்தில் ஒரு மனிதரைக் கவிழ்க்க வேண்டுமானால் சத்தம் பெரிதாக இருக்க வேண்டாமா? எங்கள் ஃபேக்டரிச் சங்கு வாயால் ஊதுவதல்ல. கூரைமேல் நாலு ஹார்ன், கீழே அதை முழக்கும் ஒரு பெட்டி. யாரிடமும் சொல்லாமல் என் மெஷினிலிருந்து அந்தப் பெட்டிக்கு ஒரு வயர் இழுத்தேன்.

"ஏனுங்க, தொரைகிட்ட ஒரு வார்த்த சொல்லிப்போடுங்க" என்றாள் என் மனைவி சரசு.

"கலைஞன் பர்மிஷன் கேக்க மாட்டான்" என்றேன். (அப்போது நான் கலைஞனாகி மூன்று நாள்.)

விடியற்காலைக் குளிரில் சுருதி சேர்த்து வைத்தேன். அங்கேதான் கோட்டை விட்டேன். வால்வு சூடாக ஆகச் சுருதி ஏறும். பத்தரைக்குத் துரை வந்து நின்றார். நாதஸ்வரம் போல ஒரு மங்கள இசை வாசிக்க நினைத்துக் குமிழைத் திருப்பினேன். "ஊ..." என்று அடிவயிற்றில் தொடங்கிய சத்தம், நான் தொடாமலே மேலே மேலே ஏறி, நாலு ஹார்னிலும் மலை அதிர ஊளையிட்டது. குறைக்கப் போனால் ஷாம்பு மூடி கையோடு வந்துவிட்டது.

அச்சு அசல் பன்னிரண்டு மணிச் சங்கு.

இலை பறித்துக்கொண்டிருந்த அத்தனை பெண்களும் பாதி மூட்டையோடு நிறுவைக் கொட்டகைக்கு இறங்கிவிட்டார்கள். துரை கத்தினார்: "மணி பத்தரைதான்! மேல போங்க!"

முன்னால் நின்ற தங்கமணி மூட்டையைப் பொத்தென்று போட்டாள். "சங்கு ஊதுனா எறங்கோணும், மறுக்கா ஊதுனா ஏறோணும். ஆபீஸ் போட்ட சட்டந்தானுங்க தொரை? ஏறச் சொல்லிச் சங்கு ஊதச் சொல்லுங்க."

அதற்குள் சங்குப் பெட்டியிலிருந்து புகை. பெட்டி கருகிவிட்டது. பன்னிரண்டுக்குச் சங்கு இல்லை. ஒரு மணிக்கும் இல்லை. சாப்பிட்டு முடித்தவர்கள் வெற்றிலை போட்டுக்கொண்டு உட்கார்ந்தார்கள். ஒருத்தி தூங்கியே போனாள். எஸ்டேட்டே நின்றுவிட்டது.

இரண்டு மணிக்குத் துரை பம்ப் ரூம் வாசலுக்கு வந்தார். "ஆறுமுகம், அந்தச் சனியன ஒருக்கா ஊதுங்க."

"ரூமு, தொரை?"

"இடிக்கல, ஊதித் தொலைங்க!"

கருகிய பெட்டிக்குப் பதில் கோவில் மேளத்தின் ஆம்பிளிஃபையரைக் கழற்றி மாட்டி ஊதினேன். எல்லோரும் ஏறினார்கள். அன்று முதல் எஸ்டேட் சங்கு என் சிந்தசைசர்தான். வேறு குரல் எதுவும் வந்துவிடக் கூடாதென்று பதிமூன்று குமிழுக்கு இன்சுலேஷன் டேப் சுற்றிவிட்டார் துரை. குளிர்காலக் காலையில் அது சீக்கு வந்த கன்று மாதிரிக் கத்தும். அதைக் கேட்டே பெண்கள் ஸ்வெட்டரா, ஷாலா என்று முடிவு செய்கிறார்கள். மத்தியானம் ஊதியதும் சரசு தவறாமல் சொல்வாள்: "உங்க கச்சேரி முடிஞ்சுதுங்க, சோறுண்ண வாங்க." பேரன் பேத்திகள் தட்டில் தாளம் போட்டுச் சிரிக்கும்.

சிரிக்கட்டும். ஆனால் டூரிஸ்ட்டுகளுக்காக ஃபேக்டரியில் வைத்திருக்கும் போர்டில், இலை உருட்டும் மெஷினுக்குக்கூடச் செய்தவன் பேர் இருக்கிறது. என் மெஷினுக்கு நேராக வெறும் 'சங்கு'. துரை அவர்களே, இதைப் படித்தால் பெயின்ட்டரைக் கூப்பிட்டு அதை அழித்துவிட்டு எழுதச் சொல்லுங்கள்: 'இசை: ஆறுமுகம்.'