சுரக்காய் அண்ணன் சேர்த்த வரி

அமெரிக்க நாட்டுப்புறப் பாட்டை அடிமுதல் நுனிவரை அறிந்தவர் உலகத்திலேயே ஒருவர்தான். அவர் திருப்பூரில் எங்கள் பனியன் கம்பெனியில் ஓவர்லாக் டெய்லர். அமெரிக்கர்களுக்கு இந்த விஷயம் தெரியாது, பாவம்.

காய்ந்த சுரைக்குடுக்கையில் ஆட்டுத்தோலை இழுத்துக் கட்டி, கம்பி பூட்டி அவரே செய்த பேஞ்சோ வாத்தியம் ஒன்று மெஷினுக்கு அடியில் தொங்கும். அதனால்தான் அவர் பெயர் சுரக்காய் அண்ணன்.

“இந்தப் பாட்டுக்கெல்லாம் ஓனரு கிடையாதுங்க. பாடறவன் தன் சங்கடத்தையும் ஒரு வரி சேத்திக்கலாமுங்க,” என்பார். சேர்த்துக்கொண்டே இருப்பார். கேன்டீன் சாம்பார், ஓவர்டைம், மூன்று மாதமாகச் சுற்றாத ஃபேன்கள் எல்லாம் அமெரிக்க மெட்டில் ஏறிவிட்டன. டீ டைமில் அவர் ஒரு வரி விட்டால் நாற்பது டெய்லர்கள் “ஆமாங்க!” என்று வாங்குவார்கள். எங்கள் ஒடிசாக்காரர்கள் கற்ற முதல் தமிழே அதுதான்.

ஒருநாள் எங்கள் பனியனை வாங்கும் அமெரிக்கக் கம்பெனியிலிருந்து ஒரு பெண்மணி ஆடிட்டுக்கு வந்தார். “பாட்டுச் சத்தம் கேட்டுச்சுன்னா சுரக்காய்க்கு வேலை கிடையாது,” என்று முதலாளி முன்பே சொல்லியிருந்தார். வந்தவர் நேராகக் குனிந்து சுரைக்குடுக்கையைத் தூக்கிவிட்டார். வெளிநாட்டு ஆர்டர்களைக் கவனிக்கும் மெர்ச்சண்டைசரான எனக்குத்தான் மொழிபெயர்க்கும் வேலை.

அண்ணன் எழுந்தார். “உங்கூரு வாத்தியந்தானுங்க அம்மணி. ஆப்பிரிக்காச் சனத்தைக் கப்பல்ல கட்டி ஏத்துனப்ப அவங்க கையில ஒண்ணுமில்லீங்க. மனசுல இருந்த வாத்தியத்த அங்க போயிச் சுரக்காயில செஞ்சாங்க. ஸ்காட்லாந்துக்காரங்க கதைப்பாட்டோட வந்தாங்க. ரெண்டும் கலந்துபோச்சுங்க.”

அந்தப் பெண்மணி குடுக்கையை அண்ணன் கையில் கொடுத்தார். “எனக்கே தெரியாதே! பாடச் சொல்லுங்கள்,” என்றார்.

அண்ணன் பாடினார். வேலை போனாலும் போகட்டும் என்று ஃபேன் வரியையும் விடவில்லை. “ஆமாங்க!” என்று கூரை அதிர்ந்தது. அமெரிக்கப் பருத்திக் காட்டில் அடிமைகளில் ஒருவர் விட, மற்றவர்கள் வாங்கிப் பாடிய முறை, பருத்தி பனியனாகும் ஊரில் வந்து நிற்கிறதே!

“என்ன பாடுகிறார்?” என்று அந்தப் பெண்மணி கேட்டார். முதலாளி என்னை முறைத்தார்.

“எங்கள் ஃபேன்களைப் புகழ்கிறார்,” என்றேன்.

அவர் அண்ணாந்து பார்த்தார். ஒன்றுகூடச் சுற்றவில்லை. சிரித்துக்கொண்டே ஆடிட் தாளில் குறித்துக்கொண்டார். அடுத்த முறையும் இவர் பாட்டைக் கேட்க வேண்டும் என்று முதலாளியிடம் சொல்லிவிட்டுப் போனார். அண்ணன் வேலை தப்பியது. ஒரே வாரத்தில் ஃபேன்களும் சுற்றின.

பாட்டில் இப்போது என்னைப் பற்றியும் ஒரு வரி கூடியிருக்கிறது: “ஃபேனு நின்னதச் சொல்லறதுக்கு நாக்கு நின்ன தம்பியிவன்.”

அந்த வரி வரும்போது, நாற்பது பேரையும் மிஞ்சிக்கொண்டு “ஆமாங்க!” என்று கத்துவது நான்தான்.