கஷூபியனுக்காகக் கண் கலங்குபவர்

மும்பைத் தமிழர்களில் தூரதேச மொழிக் காவலர் என்றோர் இனம் உண்டு. மாட்டுங்காவில் நீங்கள் காபி குடிக்கும்போதோ, செம்பூர்க் கல்யாணப் பந்தியில் இலை போட்டதுமோ, தாணேயில் தமிழ்ச் சங்க ஆண்டு விழாவில் நன்றியுரைக்கும் தேசிய கீதத்துக்கும் நடுவிலுள்ள சின்னச் சந்திலோ அவர் உங்களைப் பிடித்துக்கொள்வார். பிடித்தால் விடமாட்டார்.

எங்கள் முத்துசெல்வத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். செம்பூரில் குழாயும் வாஷ்பேசினும் விற்கிறவர். போன வருடம் வரை சாதாரண மனிதர்தான். இணையத்தில் எதையோ தேடப் போய், போலந்தின் வடக்கே கஷூபியன் என்றொரு சின்ன மொழி இருப்பதைக் கண்டுபிடித்துவிட்டார். அன்று போயிற்று எங்கள் நிம்மதி. 2005இல் அதற்கு வட்டார மொழி என்று சட்டப்படி அந்தஸ்து கிடைத்தது, ஊர்ப் பலகைகளில்கூட எழுதியிருக்கிறார்கள், பெற்றோர் எழுதிக் கேட்டால் பள்ளியில் சொல்லித் தருகிறார்கள், அப்படியும் வீட்டில் பேசும் பிள்ளைகள் குறைந்துகொண்டே போகிறார்கள் என்று சொல்லிவரும்போது அவருக்குக் கண் கலங்கும். நடிப்பில்லை, நிஜக் கண்ணீர்.

போன வாரம் நான் அவர் கடையில் இருந்தபோது ஜான்சி டீச்சர் வந்தார். தாராவியில் ஞாயிறுதோறும் தமிழ் வகுப்பு எடுப்பவர். கையில் ஒரு விண்ணப்பம்.

“பத்தொம்பது பிள்ளைய இருக்கு அண்ணாச்சி. இருவது இல்லன்னா வகுப்ப மூடிருவாவ. ஒங்க மகள சேத்து விடுங்க.”

“கஷூபியாவுலயும் இதே கததான் டீச்சர். தாய் தகப்பன் கையெழுத்துப் போட்டாத்தான் கிளாஸு. படிச்சவனே போட மாட்டேங்கான். எனக்கு வயிறு எரியுது.”

“நீங்க போடுவியள்லா?”

“நம்ம பிள்ளைக்கு சண்டே ஃப்ரெஞ்சு டியூஷன்லா. தமிழு வீட்ல பேசுதோம், போதாதா?”

அந்த நேரம் பார்த்து மகள் போனில் கூப்பிட்டாள். “ஹாங் பேட்டா, பாஞ்ச் மினிட்மே ஆத்தா ஹூம்” என்று, ஐந்து நிமிடத்தில் வந்துவிடுவதாக இந்தியில் சொன்னார் முத்துசெல்வம்.

விண்ணப்பத்தை அவர் சும்மா திருப்பிக் கொடுப்பாரா? பெற்றோர் கையெழுத்து என்ற இடத்தை விட்டுவிட்டு, மேலே ‘தங்கள் பணி சிறக்க வாழ்த்துகள்’ என்று முத்து முத்தாக எழுதி, தேதியும் போட்டுக் கொடுத்தார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. வகுப்புக்கு ஒழுங்காக வந்துகொண்டிருக்கும் அந்தப் பத்தொன்பது பிள்ளைகள் என்ன பாவம் செய்தார்கள்?

நீங்கள் சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். விண்ணப்பத்துக்கு வெள்ளிக்கிழமைதான் கடைசி நாள். நேற்று ஜான்சி என் வீட்டுக்கும் வந்தார். என் மகனுக்கு ஞாயிற்றுக்கிழமை கராத்தே இருப்பதைச் சொல்லி, டீ கொடுத்து, மிகுந்த மரியாதையோடு வாசல்வரை வந்து வழியனுப்பினேன். இப்போது அவர் உங்கள் கட்டடத்து லிஃப்டில் ஏறிக்கொண்டிருக்கிறார்.

உங்கள் பிள்ளைக்கு ஞாயிற்றுக்கிழமை என்ன வகுப்பு?