நான் வாங்காத சாமான்களின் விவரம்

அன்பு மகள் இளமதிக்கு, சிங்கப்பூர் ஜூரோங் வெஸ்ட்டிலிருந்து உன் அப்பா சுந்தரம் ஆசி கூறி எழுதுவது. இங்கு நானும் அம்மாவும் நலம். மெல்பர்னில் நீயும் மாப்பிள்ளையும் பேத்தியும் நலமாக இருக்க வேண்டுகிறேன். வாட்ஸ்அப்பில் சொன்னால் நான் முடிக்கும் முன்பே நீ சிரிக்கும் பொம்மையை அனுப்பிவிடுகிறாய். அதனால்தான் கடிதம்.

சென்ற மாதம் போனில், "அப்பா, கண்டதையும் வாங்கிக் குவிக்கிறதை நீங்க நிறுத்தலைன்னா ஜூன்ல வரும்போது நாங்க ஹோட்டல்ல தங்கிக்கிறோம். பாப்பா தவழுறா, கைக்குக் கிடைக்கிறதையெல்லாம் வாயில போடுறா" என்றாய். பெற்ற மகள் சொந்த ஊரில் ஹோட்டலில் தங்கினால் நம் அடுக்குமாடி பிளாக்கில் நாலு பேர் என்ன நினைப்பார்கள் என்று அம்மாவுக்கு அன்று முழுதும் அதே புலம்பல். ஆகவே நீ போட்ட விதியை அப்படியே ஏற்றேன்: எதைப் பார்த்து ஆசை வந்தாலும் ஒரு நாள் பொறுத்து, மறுநாளும் வேண்டும் என்று தோன்றினால்தான் வாங்குவது.

முதல் நாளே லிட்டில் இந்தியாவில் ஃபாரூக் தம்பி கடையில் மேசையில் ஒட்டிக்கொள்ளும் தேங்காய்த் துருவி ஒன்றைப் பார்த்தேன். வாங்கவில்லை. ஆனால் மறுநாளும் வேண்டும் என்று தோன்றுகிறதா என்று பார்க்க வேண்டாமா? எம்ஆர்டி ரயில் ஏறி மறுபடி போனேன். துருவி வேண்டும் என்று தோன்றவில்லை, பக்கத்தில் இருந்த லைட்டு வைத்த காது குடையும் குச்சிதான் வேண்டும் என்று தோன்றியது. அதுக்காக அடுத்த நாளும் போக வேண்டியதாப் போச்சு. இப்படியே தினமும் போகப் போக, ஃபாரூக் தம்பி, "அங்கிள், நீங்க யோசிக்கிறதுக்குள்ள வேற யாராச்சும் எடுத்துட்டா பாவம் லா"ன்னு கல்லாவுக்குப் பக்கத்துல ஒரு தட்டையே எனக்கு ஒதுக்கிட்டார். நான் தினம் போய் ஒவ்வொன்னா எடுத்துப் பார்ப்பேன், யோசிப்பேன், திரும்ப வச்சிட்டு வந்துடுவேன். பெரியவர் இவ்வளவு யோசிக்கிறாரே, நல்ல சாமானாத்தான் இருக்கும்னு கடைக்கு வர்றவங்க நான் வச்சதையெல்லாம் கேட்டு வாங்க ஆரம்பிச்சாங்க. நான் ஒன்னு வாங்காம வந்தா அங்க அஞ்சு விக்குது. ஃபாரூக் தம்பி எனக்கு தினமும் ஒரு கிளாஸ் தே தாரேக் டீ வாங்கித் தர்றார்.

போன ஞாயிறு கடையில நிக்க இடமில்லை. ஜூரோங்ல கப்பல் பட்டறையில வேலை பார்க்கிற சின்னராசுன்னு ஒருத்தர், மறுநாள் ஊருக்குப் போறவர், தட்டுல இருந்த கலர் மாறுற குட்டி விளக்கைப் பார்த்துட்டார். நான் பதினொரு நாளா யோசிச்சிட்டிருந்த விளக்கு, அதுவும் கடைசி பீஸ். பாப்பா வந்தா அவ தூங்குற ரூம்ல வைக்கலாம்னு மனசுக்குள்ள ஒரு எண்ணம். "ஐயா, நீங்க எடுக்கலைன்னா என் பொண்ணுக்குக் கொண்டு போவேன். அது பிறந்து நான் ரெண்டு தடவைதான் பார்த்திருக்கேன்"னார். நிஜத்தைச் சொல்றேன், கொடுக்க மனசே வரலை. விளக்கை ஒரு தடவை எல்லாக் கலருக்கும் மாத்திப் பார்த்தேன். அப்புறம், "எடுத்துக்குங்க தம்பி. பச்சை கண்ணைக் கூசும், நீலத்துல வைக்கச் சொல்லுங்க"ன்னேன். அவர் அங்கேயே வீடியோ கால் போட்டு விளக்கைக் காட்டினார். அந்தப் பிள்ளை விளக்கை விட்டுட்டு, "அப்பா, நாளைக்கு நிஜமா வர்றீங்களா?"ன்னே கேட்டுக்கிட்டிருந்துச்சு.

நான் தட்டைக் காலி பண்ணச் சொல்லிட்டு வெறுங்கையோட ரயில் ஏறினேன். வந்ததும் அம்மாவும் நானும் ஸ்டோர் ரூமைத் திறந்தோம். பழைய சாமான் எடுக்கிற கராங்கூனிக்காரர் மூணு தடவை லிஃப்டுல ஏறி இறங்கினார். தரை என்ன நிறம்னு இப்பதான் தெரியுது. பாப்பா தாராளமாத் தவழலாம். ஹோட்டல் பேச்சை விட்டுவிட்டு டிக்கெட்டைப் போடவும்.

மாப்பிள்ளைக்கு என் அன்பு. பேத்திக்கு இரண்டு கன்னத்திலும் முத்தம். நீங்கள் மூவரும் நோய்நொடியின்றி நூறாண்டு வாழ வேண்டும்.

இப்படிக்கு,
அப்பா சுந்தரம்

பின்குறிப்பு: திங்கள் முதல் ஃபாரூக் தம்பி கடையில் பார்ட் டைம் வேலைக்குப் போகிறேன். நான் சும்மா நின்று யோசித்தாலே போதுமாம். சம்பளத்தைச் சாமானாகவே வாங்கிக்கொள்கிறேன் என்று நான்தான் சொன்னேன். அம்மாவுக்கு இன்னும் தெரியாது.