தலை நிமிராத பெண் என்று நான் சொன்னது தவறு

குருசுக்குப்பம், புதுச்சேரி.
வியாழக்கிழமை

சேர்க்கைப் பிரிவு அதிகாரி அம்மா அவர்களுக்கு, ஐஸ் கம்பெனி தெய்வசிகாமணி மரியாதையுடன் எழுதுவது. தாங்களும் தங்கள் மேலாண்மைக் கல்லூரியில் உள்ள பெரியவர்களும் நல்ல சுகத்துடன் இருக்க வேண்டும். இங்கே இரண்டாம் நம்பர் கம்ப்ரஸர் நீங்கலாக எல்லாரும் சுகம்.

அம்மா, செவ்வாய்க்கிழமை காலை எங்கள் கம்பெனி லேண்ட்லைனில் என்னோடு பேசியது தாங்கள்தான் என்பது எனக்கு மறுநாள்தான் தெரிந்தது. எடுத்த எடுப்பில் "உங்ககிட்ட இனியான்னு ஒரு பொண்ணு வேல பாக்குதே, எப்படிங்க?" என்று கேட்டீர்கள். எங்கள் பக்கத்தில் முன்பின் தெரியாத ஒரு பெண்மணி ஃபோன் செய்து, இருபத்தைந்து வயதுப் பெண்ணை எப்படி என்று கேட்டால் அதற்கு ஒரே அர்த்தம்தான். மாப்பிள்ளை வீட்டார் விசாரிக்கிறார்கள். அப்போது நாலு நல்ல வார்த்தை சொல்லி அனுப்ப வேண்டும், ஒரு பெண்ணின் வாழ்க்கை நம் வாயால் கெடக் கூடாது. என் தங்கைக்கு வரன் பார்த்தபோது எதிர்வீட்டுக்காரர் "கொஞ்சம் வாய் ஜாஸ்தி" என்று உண்மையைச் சொல்லித் தொலைத்து, இரண்டு வருடம் நாங்கள் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும்.

அதனால்தான் அன்று அள்ளி விட்டேன். எதிர்த்துப் பேசுமா என்று கேட்டீர்கள். "நாலு ஆம்பளைங்க இருக்கற எடத்துல தலைய நிமிரவே நிமிராதுங்க" என்றேன். என்ன வேலை என்று கேட்டீர்கள். "வேல என்னங்க வேல, ஃபேனுக்கு அடியில உக்காந்து ரெண்டு சீட்டு எழுதும்" என்றேன். பெண் வெயிலில் கருக்கவில்லை என்று தாங்கள் தெரிந்துகொள்ள வேண்டுமே. "மேல படிக்கற எண்ணம் ஏதாச்சும் இருக்கா?" என்று கேட்டீர்கள். "அந்த எண்ணமே கெடையாதுங்க, அதுக்கு நான் கேரண்டி" என்றேன். கடைசியில், தாங்கள் கேட்காமலே, சுறாப்புட்டு பிரமாதமாகச் செய்யும் என்றும் சேர்த்துக்கொண்டேன். அவள் செய்த சுறாப்புட்டை நான் கண்ணால் கண்டதில்லை.

மறுநாள் காலை இனியா என் மேஜைக்கு எதிரே வந்து நின்றாள். "சார், டேட்டா அனலிட்டிக்ஸ் படிக்க பிசினஸ் ஸ்கூல்ல அப்ளை பண்ணியிருக்கேன். ரெஃபரன்ஸுக்கு உங்க பேரக் குடுத்திருக்கேன், கேப்பாங்க" என்றாள். இதை முன்னாடியே சொல்லக் கூடாதா என்றேன். சீட் கைக்கு வரும்வரை வெளியே மூச்சு விடக் கூடாது, கண் பட்டுவிடும் என்று அவள் அம்மா அன்புசெல்வி சத்தியம் வாங்கியிருந்தாராம். "கூப்டாங்களா சார்?" என்றாள். "இன்னும் இல்லம்மா" என்று வாய் கூசாமல் பொய் சொன்னேன். அவளுக்கு இந்த சீட் கிடைக்காமல் போனால் காரணம் நான் ஒருவன்தான். அன்று மதியம் எனக்குச் சோறு இறங்கவில்லை.

ஆகவே அம்மா, இப்போது உள்ளதை உள்ளபடி எழுதுகிறேன். தலை நிமிராது என்றது சுத்தப் பொய். என் முகத்துக்கு நேரே "நீங்க சொல்றது தப்பு சார்" என்று சொன்ன ஒரே ஆள் அவள்தான். முப்பது வருடமாகக் காலையில் கடற்கரைக்குப் போய், காற்றை முகத்தில் வாங்கி, மீன்பிடி போட்டுகளுக்கு நாளைக்கு எத்தனை ஐஸ் பார் போடுவது என்று முடிவு செய்கிறவன் நான். பாதி நாள் மிஞ்சியது சாக்கடையில் உருகி ஓடும். மீதி நாள் பற்றாமல் போய், போட்டுக்காரர்கள் என் குடும்பத்தையே இழுத்துப் பேசுவார்கள். ஐஸ் எடுக்கும்போது ஒவ்வொரு போட்டுக்கும் ஒரு சீட்டு கொடுப்போம். அந்தச் சீட்டுகளின் நகல் மூன்று வருடமாக ஒரு அரிசிச் சாக்கில் கிடந்தது. இனியா அதைக் கொட்டி, எந்த போட், எந்தக் கிழமை, அமாவாசைக்கு எத்தனை நாள், என்ன காற்று என்று ஒவ்வொன்றாகக் கம்ப்யூட்டரில் ஏற்றினாள். ஆறு மாதம் ஆயிற்று. பிறகு ஒரு நாள், "நாளைக்கு நூத்தம்பது பார் போதும் சார்" என்றாள். "கடலப் பத்தி எனக்கே சொல்லித் தர்றியா" என்று கேட்டுவிட்டு முந்நூறு போட்டேன். மறுநாள் மாலை என் சொந்த ஐஸ் தண்ணீரில் கால் நனைத்துக்கொண்டு நின்றேன்.

ஒரு முறை அவளும் தவறினாள். பக்கத்துக் குப்பத்தில் கோயில் திருவிழா, ஒரு போட்டும் கடலில் இறங்கவில்லை. நான் வாயைத் திறப்பதற்குள் அவளே வந்து, "திருவிழாவ நான் கணக்குல சேக்கல சார், என் தப்பு" என்றாள். மறுநாளே பதினெட்டுக் குப்பத்துத் திருவிழாத் தேதிகளையும் விசாரித்து ஏற்றிவிட்டாள். முப்பது வருடத்தில் நான் ஒரு தடவைகூட என் தப்பு என்று சொன்னதில்லை. இந்தக் கடிதம்தான் முதல்.

படித்து என்ன செய்யப் போகிறாய் என்று நேற்று கேட்டேன். அவள் அம்மா மார்க்கெட்டில் மீன் விற்பவர். "எங்கம்மா மாதிரி கூடையில மிச்சம் வெச்சிக்கினு வூட்டுக்கு வர்றவங்களுக்கு, இன்னிக்கு எவ்ளோ வாங்கணும்னு காலையிலயே சொல்ற மாதிரி ஒண்ணு பண்ணணும் சார்" என்றாள். அவள் போனால் எனக்குக் கை ஒடிந்த மாதிரிதான். இருந்தாலும் போகட்டும். தயவுசெய்து என்னை மன்னித்து, செவ்வாய்க்கிழமை நான் சொன்னதையெல்லாம் அடித்துவிட்டு, இதை எடுத்துக்கொள்ளுங்கள்.

தாங்களும் பிள்ளைகுட்டிகளும் ஒரு குறையுமின்றி இருக்கக் கடலம்மாளை வேண்டும்,
தெய்வசிகாமணி

பின்குறிப்பு: கவரில் எழுதத் தங்கள் விலாசம் கேட்டதற்கு, இனியா கடிதத்தை வாங்கி முழுவதும் படித்துவிட்டாள். தாங்கள் ஃபோனே செய்யவில்லையாம். கல்லூரியில் இருந்து மெயிலில் படிவம்தான் வருமாம், அது இரண்டு நாளாக என் மெயிலில் கிடக்கிறதாம். செவ்வாய்க்கிழமை பேசியவர், நான் முதலில் நினைத்தபடியே, நோணாங்குப்பத்தில் அவளுக்குப் பார்த்திருக்கும் மாப்பிள்ளையின் அத்தையாம். சீட் கிடைக்காவிட்டால் கல்யாணம் என்று அன்புசெல்வி அந்தப் பக்கமும் ஒரு விண்ணப்பம் போட்டிருக்கிறார். என் பேச்சில் அவர்களுக்குப் பரம திருப்தி, ஞாயிற்றுக்கிழமை பெண் பார்க்க வருகிறார்களாம்.

"எனக்கு இப்ப கல்யாணம் வாணாம் சார். இந்த லெட்டர அப்படியே அந்த அத்தைக்குப் படிச்சிக் காட்டுங்க" என்று அம்மாவிடம் நம்பரை வாங்கி நீட்டினாள். படித்தேன். "நீங்க சொல்றது தப்பு சார்" என்ற இடத்தில் அவர் ஃபோனை வைத்துவிட்டார். சுறாப்புட்டைப் பற்றித் தனியாக மன்னிப்புக் கேட்க நினைத்திருந்தேன், முடியவில்லை.

ஆகவே நான் தங்களிடம் கேட்ட மன்னிப்பைத் திரும்ப எடுத்துக்கொள்கிறேன், மற்றதை மட்டும் வைத்துக்கொள்ளவும். படிவத்தையும் இப்போது பூர்த்தி செய்து அனுப்பிவிட்டேன். இவரை மீண்டும் வேலைக்கு எடுத்துக்கொள்வீர்களா என்று அதில் கடைசிக் கேள்வியாகக் கேட்டிருந்தீர்கள். படித்து முடித்துவிட்டு அவள் என்னை எடுத்துக்கொண்டால் போதும் என்று எழுதியிருக்கிறேன்.